மூன்றாவது ஆளின் சுவடு

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1993இல் திறக்கப்பட்ட மனிதப் பரிணாமக் கூடத்துக்கென்று ஒரு காட்சி அமைக்கப்பட்டது. எரிமலைச் சாம்பல் படிந்த வெளியில் இரண்டு உருவங்கள் நடந்துபோகின்றன. உடம்பெல்லாம் ரோமம். ஒன்று உயரம், ஆண். மற்றது குட்டை, பெண். ஆணின் கை பெண்ணின் தோளைச் சுற்றிக் கிடக்கிறது. இதன் நிழற்படத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் ‘கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, கையத் தோள்மேல போடுங்க சார்’ என்பாரே, அதே நிலை. 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னாலும் போட்டோக்காரர் இருந்திருப்பார் போல.

இந்தக் காட்சிக்கு ஆதாரமாக இருப்பது தான்சானியாவின் லேட்டோலியில் மேரி லீக்கியின் குழு 1978இல் கண்டெடுத்த காலடித் தடம். எரிமலை கக்கிய சாம்பல் மழையில் நனைந்து குழைந்திருந்தபோது யாரோ அதன்மேல் நடந்து போயிருக்கிறார்கள். அது காய்ந்து இறுகி, மேலும் மேலும் சாம்பல் மூடி, அப்படியே கிடந்துவிட்டது. ஏறக்குறைய 27 மீட்டர் நீளம். கால் கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டி நிற்கிறது, குதிகால் முதலில் அழுந்தியிருக்கிறது. நம்முடைய நடைக்கு மிக நெருக்கமான நடை. சாம்பலில் பதிந்தது இவ்வளவுதான். கை பதியவில்லை, தோள் பதியவில்லை, நடந்தவர்கள் ஆணா பெண்ணா என்பதும் பதியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தடத்தில் நடந்தவர்கள் இரண்டு பேரல்லர், மூன்று பேர். இடப்பக்கம் ஒரு சின்னப் பாதம். வலப்பக்கம் ஒரு பெரிய பாதம், அந்தப் பெரிய பாதத்தின் பள்ளத்துக்குள்ளேயே கால் வைத்து நடந்த மூன்றாவது ஒரு ஆள். ஒருவர் சுவட்டில் இன்னொருவர் மிதித்ததால் மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்கு அது ஒரே தடம்போலத் தெரியும். மழைக்காலத்தில் வரப்பில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வழுக்குகிற இடத்தில் முன்னால் போகிறவர் கால் வைத்த குழியில்தான் பின்னால் போகிறவரும் கால் வைப்பார். அருங்காட்சியகத்தின் காட்சியில் இந்த மூன்றாவது ஆள் இல்லை. ‘இணை’ என்ற கதைக்கு மூன்றாவது ஆள் இடைஞ்சல்.

இந்தக் கட்டுரையில் நான் பேச நினைப்பது இந்த விடுபடல் பற்றித்தான். மனிதன் நடந்த கதை, ஓடிய கதை, பாதம் உருவான கதை என்று நமக்குச் சொல்லப்படுபவற்றில் யார் யார் எப்படிக் காணாமல் போகிறார்கள்? விஞ்ஞானத்தைப் பொய் என்று தள்ளுவது என் நோக்கமல்ல. அந்த வேலையைச் செய்ய நாட்டில் வேறு ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பாடப்புத்தகக் கமிட்டிகளே கைவசம் இருக்கின்றன.

மீசியா லாந்தாவ் என்ற ஆய்வாளர் 1991இல் மனிதப் பரிணாமம் பற்றிய எழுத்துகளைக் கதையாடல்களாக வாசித்து ஒரு நூல் வெளியிட்டார். விளாதிமிர் பிராப் 1928இல் ருஷ்ய மாயக் கதைகளுக்குச் செய்த வேலையை இவர் டார்வின் முதலானவர்களின் பிரதிகளுக்குச் செய்தார். (எம்.ஏ. தேர்வுக்காகப் பிராப்பின் 31 செயல்களையும் மனப்பாடம் செய்தவன் நான். எதற்கு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.) எளிய ஒரு நாயகன், வாலில்லாக் குரங்கு, தன் வீடாகிய மரத்தைவிட்டு இறங்குகிறான். சோதனைகளுக்கு உள்ளாகிறான். மாயப்பொருள் ஒன்று கிடைக்கிறது: மூளையோ கருவியோ நிமிர்ந்த முதுகோ. கடைசியில் வென்று அரியணை ஏறுகிறான். தரைக்கு வருதல், நிமிர்ந்து நடத்தல், மூளை பெருத்தல், நாகரிகம் அடைதல் என்ற நான்கு கட்டங்களும் எல்லோரிடமும் இருக்கின்றன. எது முதலில் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

இந்தக் கதையின் பிரபலமான ஓவிய வடிவம் 1965இல் ‘டைம்-லைஃப்’ நூல் ஒன்றுக்காக ருடால்ஃப் ஸாலிங்கர் வரைந்தது. குனிந்த குரங்கில் தொடங்கி, வரிசையாக, ஒவ்வொருவராக நிமிர்ந்து, கடைசியில் நெஞ்சு நிமிர்த்தி நடக்கும் மனிதன். நம் பள்ளிச் சுவர்களில், டீ சட்டைகளில், அரசியல் கேலிச்சித்திரங்களில் எல்லாம் இதன் நகல்தான். வரிசையின் முடிவில் நிற்பவன் ஆண், வெள்ளையன். ஒருவன் பின் ஒருவனாக நடப்பதாகத் தோற்றம் தருகிறது படம். ஆனால் எல்லோரும் நடந்துகொண்டிருக்கும் அந்தப் படத்தில் பாதங்களை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? கண் தலைக்குத்தான் போகிறது.

தலைதான் முதலில் என்பது அந்தக் காலத்து விஞ்ஞானத்தின் நம்பிக்கையாகவே இருந்தது. இங்கிலாந்தின் பில்ட்டவுனில் கிடைத்ததாக 1912இல் அறிவிக்கப்பட்ட மண்டையோடு பெரிய மூளையும் குரங்குத் தாடையும் கொண்டிருந்தது. முதலில் மூளை வளர்ந்தது, பிறகே மற்றதெல்லாம் என்று நினைத்தவர்களுக்கு அது வெல்லமாக இனித்தது. 1925இல் ரேமண்ட் டார்ட் தென்னாப்பிரிக்காவின் டாங் குழந்தையின் மண்டையோட்டை அறிவித்தார். மூளை சிறியது, ஆனால் தண்டுவடம் நுழையும் துளை அடியில் இருந்தது, அதாவது நிமிர்ந்து நடந்த உயிர். ஐரோப்பாவின் பெரிய தலைகள் இருபது ஆண்டுக்கு மேல் அதை ஏற்கவில்லை. 1953இல் பில்ட்டவுன் ஒரு மோசடி என்று நிரூபணமானது: மனித மண்டையோட்டோடு ஒராங்உட்டான் தாடையை ராவிச் சாயமேற்றி வைத்திருந்தார்கள். 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் 32 லட்சம் ஆண்டுப் பழமையான ‘லூசி’ கிடைத்தாள். நம் மூளையில் மூன்றில் ஒரு பங்கு அளவே மூளை கொண்ட இனம், ஆனால் நடந்தது. பிறகு லேட்டோலி. கால் முந்தி, தலை பிந்தி.

தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது என்ற எண்ணத்துக்கு நாம் ஐரோப்பாவிடம் கடன்பட வேண்டியதில்லை. புருஷ சூக்தம் காலை யாருக்கு ஒதுக்கியது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

இங்கே நம் தோழர்களையும் விட்டுவிட முடியாது. எங்கெல்ஸ் 1876இல் எழுதிய, குரங்கு மனிதனானதில் உழைப்பின் பாத்திரம் பற்றிய கட்டுரையை நாமெல்லாம் படிப்புவட்டங்களில் படித்திருக்கிறோம். மூளை முதலில் என்ற கருத்துமுதல்வாதத்தை அதில் அவர் தலைகீழாக்கினார். நிமிர்ந்த நடை, அதனால் கை விடுதலை, கையால் உழைப்பு, உழைப்பால் பேச்சு, அப்புறம்தான் மூளை. புதைபடிவங்கள் இந்த வரிசையைப் பெரும்பாலும் ஆதரிக்கின்றன என்பதை ஸ்டீபன் ஜே கூல்ட் 1970களில் வியந்து எழுதினார். சரிதான். ஆனால் எங்கெல்ஸின் பிரதியிலும் கால், கையின் விடுதலைக்காகப் பாரம் சுமந்துவிட்டு முதல் பக்கத்திலேயே விடைபெற்றுக்கொள்கிறது. கை விடுதலையாயிற்று, காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க யாருமில்லை. இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய கல்கருவிகள், 2015இல் அறிவிக்கப்பட்ட கென்யாவின் லொமெக்வி கருவிகள், 33 லட்சம் ஆண்டுப் பழமையானவை. நடையோ அதற்கு வெகு முந்தியது. 44 லட்சம் ஆண்டுக்கு முந்தைய ‘ஆர்டி’ தரையில் நிமிர்ந்து நடந்ததாக 2009இல் அதன் ஆய்வாளர்கள் எழுதினார்கள், கிளையைப் பற்றும் கட்டைவிரலோடேயே. கருவி செய்வதற்காக எழுந்து நின்றோம் என்ற கதை இந்தக் கால இடைவெளியில் விழுந்துவிடுகிறது.

பின் எதற்கு எழுந்தோம்? 1981இல் ஓவன் லவ்ஜாய் ஒரு பதில் சொன்னார். ஆண் உணவு தேடிக் கைநிறையச் சுமந்துகொண்டு தன் ஒரே துணையிடம் திரும்புகிறான். அவள் அலையாமல் இருந்து அதிகக் குழந்தை பெறுகிறாள். இதற்காகவே இருகால் நடை. சம்பளக் கவரோடு ஆபீஸிலிருந்து திரும்பும் அப்பா! அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1976இல், நான்ஸி டானரும் ஏட்ரியன் ஸில்மனும் வேறுவிதமாக யோசித்திருந்தார்கள். கிழங்கும் பருப்பும் தேடி நெடுந்தூரம் நடந்தவர்கள் பெண்கள். குரங்குக்குட்டி தாயின் ரோமத்தைக் கையாலும் காலாலும் பற்றிக்கொள்ளும். ரோமம் குறைந்து, பாதம் பற்றும் தன்மையை இழந்தபின் குழந்தையால் அது முடியாது, தாய்தான் தூக்கியாக வேண்டும். ஆக முதல் கருவி ஈட்டியாக இருக்க வேண்டியதில்லை, குழந்தையைக் கட்டிக்கொள்ளும் ஒரு தூளியாகவோ தீனி சேர்க்கும் பையாகவோ இருந்திருக்கலாம். தோலும் நாரும் மக்கிவிடும், கல் மட்டும் கிடைக்கும். கிடைத்ததை வைத்து எழுதிய வரலாற்றில் வேட்டைக்காரன் மட்டும் மிஞ்சினான். இதுவும் ஊகம்தான். ஆனால் குழந்தையின் பாதத்திலிருந்து யோசிக்கத் தொடங்கும் ஊகம் என்பதால் எனக்கு இது பிடிக்கிறது.

லேட்டோலியிலேயே 2016இல் இன்னும் இரண்டு பேரின் தடங்கள் அறிவிக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் நல்ல உயரம். உடனே வாசிப்பு மாறியது. ஒரு பெரிய ஆண், அவனோடு சில பெண்கள், கொரில்லாக் கூட்டம்போல, என்று அந்த ஆய்வாளர்கள் ஒரு சாத்தியத்தை முன்வைத்தார்கள். தனிக்குடித்தனம் போய் அந்தப்புரம் வந்தது. அதே சாம்பல், அதே நடை.

இப்படியெல்லாம் சொன்னவுடன் நம்மில் சிலர் ‘எல்லாம் பிரதிதானே, வெளியே ஒன்றுமில்லை’ என்று கிளம்பிவிடுவார்கள். சிறுபத்திரிகைகளில் இந்த வாக்கியம் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல, நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான். பில்ட்டவுனைக் கவிழ்த்தது மாற்றுக் கதையாடல் மட்டுமல்ல. எலும்பில் ஃபுளூரின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற சோதனையும் சேர்ந்துதான் கவிழ்த்தது. எந்த எலும்பை நம்புவது என்பதைக் கதை தீர்மானிக்கிறது என்பது உண்மை. எலும்பு ஒருநாள் அந்தக் கதைக்கு முரண்டு பிடிக்கும் என்பதும் உண்மை. எனவே பாதத்தையே கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டிலும் சேர்த்து 52, உடம்பின் 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு. குரங்கின் பாதம் கைபோல வளைந்து பற்றும். நம் பாதமோ தரையை உதைத்துத் தள்ளும்போது விறைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த கணமே தளர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். குதிகாலிலிருந்து விரல்வரை நீளவாக்கில் உள்ள வளைவுதான் இந்த விறைப்பைத் தருகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2020இல் மதுசூதன் வெங்கடேசன் முதலானோர் பாதத்தின் குறுக்குவாக்கில் உள்ள வளைவு விறைப்பில் 40 சதவீதத்துக்கு மேல் பங்கு தருகிறது என்று காட்டினார்கள். ரூபாய் நோட்டை ஒரு முனையில் பிடித்தால் தொங்கிவிடும். பிடித்த இடத்தில் குறுக்காக லேசாக வளைத்தால் விறைத்து நிற்கும். அவ்வளவுதான் சூத்திரம். இவ்வளவு எளிய ஒன்று, எல்லோர் காலடியிலும் இருந்தும், இத்தனை காலம் கவனத்துக்கு வரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இந்தப் பாதம் வெற்றிவீரனின் ஆயுதம்போல் தோன்றவில்லை. மரமேறக் கிடைத்த பல மூட்டுகளை இழுத்துக்கட்டி ஒப்பேற்றிய பழைய சாமான். அதனால்தான் கணுக்கால் பிசகுகிறது, வளைவு சரிகிறது, குதிகால் வலிக்கிறது. வேகமும் இல்லை, தெருநாய்கூட நம்மை முந்திவிடும்.

இந்த இடத்தில்தான் ஓட்டக் கதை வருகிறது. காலை ஐந்து மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார், ‘படிங்க, நாம ஓடப் பொறந்தவங்க’ என்று. கிறிஸ்டோபர் மக்டூகல் 2009இல் எழுதிய நூல். அதன் பின்னால் இருப்பது டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் 2004இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை. நெடுந்தூர ஓட்டமே ஹோமோ இனத்தின் உடலைச் செதுக்கியது என்பது வாதம். குதிகாலுக்கு மேலே ஸ்பிரிங்போல வேலை செய்யும் நீண்ட தசைநாண், பிட்டத்தின் பெருந்தசை, குட்டையான கால்விரல்கள், தலை ஆடாமல் பிடரியில் இழுத்துப்பிடிக்கும் நார், வியர்க்கும் தோல் எல்லாம் சாட்சிகள். பாய்ந்தோடும் நாலுகால் விலங்கால் இரைத்து இரைத்து உடற்சூட்டைத் தணிக்க முடியாது. உச்சிவெயிலில் விடாமல் துரத்தினால் மான் சூடேறி விழும், மனிதன் வியர்த்துக்கொண்டு நிற்பான்.

நல்ல வாதம் என்றே நினைக்கிறேன். இப்படித் துரத்தி வேட்டையாடியதற்கு உலகின் பல பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 400 பதிவுகள் இருப்பதாக 2024இல் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது. ஆனால் பிட்டத்துத் தசையும் குதிகால் தசைநாணும் பெண்ணுக்கும் உண்டு, கிழவனுக்கும் உண்டு. ஈட்டியை மட்டும் இளைஞனின் கையில் கொடுத்தது யார்? கதை புத்தகக்கடைக்கு வந்தபோது இன்னொன்றும் நடந்தது. மெக்ஸிகோவின் மலைகளில் வாழும் ராராமுரி மக்கள் கலப்படமற்ற ஆதி ஓட்டக்காரர்கள் ஆனார்கள். பூட்ஸ் போட்ட நாகரிகம் பாதத்தைக் கெடுத்தது, வெறுங்காலுக்குத் திரும்புவோம் என்ற கோஷம் எழுந்தது. கவனியுங்கள், ராராமுரிகள் வெறுங்காலில் ஓடுபவர்கள் அல்லர். பழைய கார் டயரை வெட்டிச் செய்த செருப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், நம்மூர் டயர்ச் செருப்பேதான். கென்யாவின் வடக்கே வெறுங்காலிலேயே வளர்ந்த தாசனச் மக்கள் நீள ஓட்டத்தில் பெரும்பாலும் குதிகாலைத்தான் முதலில் ஊன்றுகிறார்கள் என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. முன்பாதம் ஊன்றுவதே இயற்கை என்ற உபதேசம் அதோடு ஆட்டம் கண்டது. ராராமுரிகள் பிறவி ஓட்டக்காரர்கள் என்ற கட்டுக்கதைக்கு எதிராக 2020இல் எழுதியவர்களில் லீபர்மனும் ஒருவர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஓட்டம் என்பது உழைப்பு, வேட்டை, கூத்து, பந்தயம், பிரார்த்தனை எல்லாம் கலந்த ஒன்று.

‘வெறுங்காலுக்கு’ என்றே ஒரு ஷூ வந்தது என்பதுதான் வேடிக்கை. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை. பாதத்துக்கு நன்மை என்ற விளம்பரத்துக்கு ஆதாரமில்லை என்று வழக்குப் போட்டார்கள். அதைச் செய்த விப்ரம் நிறுவனம், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, 2014இல் 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

வெறுங்கால் பற்றி நம்மூர் ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 1992இல் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2300 இந்தியக் குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்தார்கள். லேட்டோலிபோல இதுவும் சுவடு வாசிப்புதான். செருப்போ ஷூவோ போடும் குழந்தைகளில் 8.6 சதவீதத்துக்குத் தட்டைப் பாதம். போடாதவர்களில் 2.8 சதவீதம்தான். ஆறு வயதுக்குள் பாதம் மூடி வளர்வது வளைவு உருவாவதைக் கெடுக்கிறது என்பது முடிவு. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, அதன் மருத்துவத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தியாவில் ஒரு குழந்தை செருப்பு போடுகிறதா இல்லையா என்பது வெறும் பழக்கமா? என் தாத்தாவின் பாதவளைவு கட்டாயம் அருமையாக இருந்திருக்கும். அவரிடமும் செருப்பு இருந்தது. ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், தெரு முடிந்து பொட்டல் வந்ததும் கீழே போட்டு மாட்டிக்கொள்வார். அப்பா சொல்லிக் கேட்டது இது. வெயிலில் அந்தத் தெருவை எவ்வளவு வேகமாகக் கடப்பார் என்பதை அப்பா நடித்துக் காட்டுவார், நாங்கள் சிறுபிள்ளைகள் சிரிப்போம். அந்த நடைக்கு என்ன பரிணாமக் கோட்பாடு சொல்வது? கடற்கரைச் சாலை நண்பர் ஷூவைக் கழற்றுவதும் தாத்தா செருப்பைக் கழற்றுவதும் ஒன்றல்ல என்று அவரிடமே சொன்னேன். ‘நீங்க எல்லாத்துலயும் இதைக் கொண்டாந்துடுவீங்க’ என்றார். கொண்டுவந்தது நானில்லையே.

லூசி கிடைத்த எத்தியோப்பியாவிலேயே இதற்கு இன்னும் கொடுமையான சாட்சி இருக்கிறது. எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்மண் மேட்டுநிலங்களில் வெறுங்காலோடு உழுது பிழைக்கும் ஏழைகளுக்குப் போடோகோனியோசிஸ் என்ற நோய் வருகிறது. பார்க்க யானைக்கால்போல இருக்கும், ஆனால் கொசுவுக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை. மண்ணின் நுண்துகள்கள் பாதத்தோலின் வழியே உள்ளே போய் நிணநீர்க் குழாய்களை அடைத்துக் கால் வீங்கிப்போகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த நாட்டில் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். சிறுவயதிலிருந்து ஷூ போட்டால், கால் கழுவத் தண்ணீர் இருந்தால், வராது. எரிமலை மண் ஒரு காலத்தில் பாதத்தின் சுவட்டைக் காத்துவைத்தது, இப்போது பாதத்தையே தின்கிறது. ஓடப் பிறந்தவர்கள் பற்றிய புத்தகங்களில் இந்தக் கால்களை நான் பார்க்கவில்லை.

லேட்டோலிக்கே திரும்புகிறேன். மேரி லீக்கியின் குழு அந்தப் புகழ்பெற்ற தடத்தைக் காண்பதற்கு இரண்டாண்டு முன்பே, 1976இல், சற்றுத் தள்ளி வேறொரு இடத்தில் ஐந்து காலடிகள் கிடைத்தன. அகலமான பாதம், ஒரு காலுக்குக் குறுக்கே மறுகாலை வைக்கும் விசித்திர நடை. அடுத்த தடம் வந்து புகழடைந்தபின் இது கரடி பின்னங்காலில் நின்று நடந்ததாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அத்தோடு மறந்தார்கள். மண் மூடியது. 2019இல் மறுபடி தோண்டி, சுத்தம் செய்து, கரடிகளின் நடையோடும் மனிதர்கள், சிம்பன்ஸிகளின் நடையோடும் ஒப்பிட்டார்கள். 2021இல் முடிவு வந்தது: கரடி இல்லை. லூசியின் இனத்தவர் நடந்த அதே நிலத்தில், அதே காலத்தில், வேறுவிதமான பாதத்தோடு, வேறுவிதமாக நடந்த இன்னொரு மனித உறவினம். அது யார் என்று பெயர் வைக்க வேறு எலும்பு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. ஐந்து சுவடுகள் மட்டும் இருக்கின்றன.